வாழும் கல்வெட்டு

ரஞ்சன்குடிக் கோட்டையைக் கட்டியது யார் என்ற கேள்விக்குச் செல்லதுரை ஒரே வாரத்தில் மூன்று பதில் சொன்னார். மூன்றையும் பேராசிரியர் குழந்தைவேல் டேப்பில் பதிவு செய்துகொண்டார். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லையே என்று அவர் கலங்கவில்லை. கோட்டை பெரியது. மூன்று பேர் கட்டியிருக்கலாம்.

குழந்தைவேல், பெரம்பலூரில் ஒரு டுடோரியல் காலேஜில் கணக்குப்பதிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரைப் பேராசிரியர் என்று முதலில் அழைத்தது அவரேதான். ஊர் நல்ல ஊர், அதையே பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றைந்தில் திருச்சியை உடைத்துப் பெரம்பலூரைத் தனி மாவட்டமாக ஆக்கியபோது கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், ஆபீஸ்களுக்குப் பலகைகள் வந்தன. வரலாறு மட்டும் திருச்சியிலேயே தங்கிவிட்டதாகக் குழந்தைவேலுக்குத் தோன்றியது. அதை இழுத்துவர மாவட்ட வரலாற்றுப் பேரவை என்று ஒன்றைத் தொடங்கி, தலைவர் பொறுப்பை, வேறு யாரும் கேட்காத நிலையில், மிகுந்த வற்புறுத்தலுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். வற்புறுத்தியவர் யார் என்பது பேரவையின் தீர்மானத்தில் இல்லை.

அவர் குன்னத்துக்கு வந்து செல்லதுரையின் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது இரண்டாயிரத்தின் தொடக்கத்தில். செல்லதுரை சர்வேயராக இருந்தவர். ரஞ்சன்குடியிலிருந்து விக்கிரமங்கலம் வரை சங்கிலி பிடித்து அளந்தவர். அவர் கால் படாத வரப்பு அந்தப் பக்கத்தில் குறைவு.

"கோட்டைக்குள்ள அளந்தப்ப ஒரு கல்வெட்டு உங்க கண்ணுல பட்டிருக்கணுமே?" என்றார் குழந்தைவேல்.

"பட்டுச்சு."

"சோழர் காலத்து எழுத்தா இருந்திருக்கணுமே?"

"சோழந்தான். வேற எவன் எழுதுவான்?"

"வடக்குப் பக்கம்?"

"வடக்காலதான். ஒரு வேப்பமரம் நிக்கும் பாருங்க, அதுக்கு நேர் கீழ. நேத்துகூடப் போயிப் பாத்துட்டு வந்தேன். மகேஷுந்தான் கூட வந்தான்."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த சம்பூர்ணம் நிமிரவில்லை. முந்தின நாள் அவள் கணவர் கட்டிலை விட்டு இறங்கியது கொல்லைக்குப் போவதற்கு மட்டும். மகேஷ் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

குழந்தைவேலுக்கு இரண்டாவது விஷயம் தெரியும். துக்கத்துக்கு வந்தவர்தான். ஆனாலும் அவர் முகத்தில் சோழர்கள் மட்டுமே இருந்தார்கள்.

வாசலில் அவர் செருப்பை மாட்டும்போது சம்பூர்ணம் சொல்லிப் பார்த்தாள். "ஐயா, அவருக்கு ஞாபகம் போயிடுச்சுங்க. வாய்க்கு வந்ததைச் சொல்றாரு. நீங்க கேக்குறதுலயே பதிலும் இருக்கு, அதை எடுத்துத் திருப்பித் தந்துடுறாரு. அதை நம்பி எழுதிப்புடாதீங்க."

"அம்மா, நேத்து தின்ன கொழம்பு ஞானிக்கு ஞாபகம் இருக்காது. ஆயிரம் வருஷம் முந்தி நடந்தது இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அது ஆறாவது உதையில் கிளம்பியது.

அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. குழந்தைவேல் உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்கச் செல்லதுரை சோழனையும் நாயக்கனையும் கட்டி மேய்த்துக்கொண்டிருப்பார். "மகேஷ் ஏன் இன்னும் வரல?" என்று கேட்கமாட்டார்.

*

மகேஷ் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். சேக்காளிகளோடு அரியலூர்ப் பக்கம் போனவன், சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில் குளிக்க இறங்கினான். தண்ணீர் பச்சையாக, கண்ணாடி மாதிரி இருந்ததாம். ஆழம் மட்டும் தெரியவில்லை.

அதற்கு முன்னும் செல்லதுரை குடிப்பவர்தான். ஆனால் அளந்து குடிப்பார், தொழில் அப்படி. மகன் போன பிறகு அளவு போயிற்று. சோறு வேண்டாம் என்றார். குழம்பை நக்கிக்கொள்வார், அவ்வளவுதான். மாதக்கணக்கில் அப்படி. பிறகு வாந்தி பிடித்தது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. வாந்தியோடு குடியும் நின்றுபோனது. குடி நின்ற பிறகுதான் ஊர் அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டியது. காலை அகட்டி அகட்டி, படகில் நிற்பவர் போல நடந்தார். விழிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தன. ஒருவரை இரண்டாகப் பார்த்தார். பஸ் ஏறப் போனால், "பெருசு, தெளிஞ்சப்பறம் வா" என்று கண்டக்டர் படியிலேயே கை நீட்டி மறித்தான். வாயில் வாடையே இல்லையே என்று மோந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளூர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த டாக்டர் இளவயது. கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "இது வேற என்னமோ மாதிரி இருக்கும்மா, திருச்சிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்.

"ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சார், தெம்பு வந்துடும்" என்றாள் சம்பூர்ணம்.

குன்னத்தில் அது புதிதான கோரிக்கை இல்லை. பருத்திக் காட்டில் மயங்கி விழுந்தாலும் பாட்டில். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் பாட்டில். குளுக்கோஸ் ஏற்றாத டாக்டரிடம் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். "இப்ப வேணாம்மா" என்றார் டாக்டர். "ஏத்தாம எப்புடிங்க அவ்வளவு தூரம் கொண்டு போறது? வழியில போயிட்டாருன்னா?" என்றாள் அவள். பின்னால் வரிசையில் நின்றவர்களும், "அதானே, ஒரு பாட்டில் ஏத்துனா என்னவாம்" என்றார்கள். ஏற்றினார். தெம்பு வரும் என்று அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் தீர்ந்த சாயங்காலம் செல்லதுரை அவளைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா ஒருவர் ஊசி போட ஆரம்பித்தார். சில நாளில் கண் துடிப்பு நின்றது. நடை பாதி சரியானது. மனைவி யாரென்று தெரிந்தது. ஆனால் காலையில் வந்த டாக்டரம்மாவை மத்தியானம் தெரியவில்லை.

"தவிட்டுல இருக்குமே ஒரு சத்து, பி ஒன்னுன்னு சொல்லுவோம்" என்று அந்த அம்மா உட்கார வைத்துச் சொன்னார். "குளுக்கோஸை எரிச்சு மூளைக்கு வேலை குடுக்கணும்னா அது வேணும். சாராயம் அதை உடம்புல ஏறவிடாது. சாப்பாடும் இல்ல, வாந்தி வேற. மூளைக்கு நட்ட நடுவுல, அடிப்பக்கமா, பட்டாணி அளவு ரெண்டு உருண்டை இருக்கு. இன்னைக்கு நடக்குறதை நாளைக்கு எடுத்துத் தர்றதுக்கு வழி அது மூலமாத்தான் போகுது. சத்து இல்லாம அது சுருங்கிப்போச்சு. அதைச் சுத்தி இருக்கிறதுலயும் கொஞ்சம்."

சம்பூர்ணம் தலையாட்டினாள்.

"பழசு இருக்கும். கல்யாணம் ஆனது, வேலை பாத்தது எல்லாம் இருக்கும். கடைசி சில வருஷம் அழிஞ்சிருக்கும். அந்த ஓட்டையை மூளை சும்மா விடாது, எதையாவது வச்சு அடைச்சுக்கும். நீங்க எதை எடுத்துக் குடுக்குறீங்களோ அதையே பிடிச்சுக்குவாரு."

"பொய் சொல்லுவாராங்க?"

"பொய் இல்லம்மா. பொய் சொல்றவனுக்கு உண்மை தெரிஞ்சிருக்கும்."

டாக்டரம்மா கேஸ் காகிதத்தைப் புரட்டினார். "முதல்ல இந்த ஊசியைப் போட்டுட்டுத்தான் குளுக்கோஸ் ஏத்தணும். வெறும் குளுக்கோஸை ஏத்தினா உள்ள மிச்சம் இருக்குற துளியும் அதுக்கே செலவாயிடும். யாரு ஏத்துனது?"

"டாக்டருங்க" என்றாள் சம்பூர்ணம்.

அது பொய் இல்லை. டாக்டர்தான் ஏற்றினார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தாள். அழுகை வரும் என்று நினைத்துத்தான் ஓரமான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தாள். வரவில்லை. டீ சூடாக இருந்தது. ஊதிக் குடித்தாள்.

*

வீட்டுக்கு வந்த அன்றே, "மகேஷ் எங்க?" என்றார் செல்லதுரை.

சொன்னாள். அவர் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார். அக்கம்பக்கம் ஓடிவந்தது. அடுத்த வீட்டுச் சிந்தாமணி அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, முகம் துடைத்து, சோறு தின்று, வாசலைப் பார்த்து, "மகேஷ் எங்க?" என்றார்.

மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே அழுகை. அரைப்பங்கு குறைவது, பழகிப்போவது எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் மகன் அப்போதுதான் செத்தான். சம்பூர்ணத்துக்கோ ஒரே தடவைதான் செத்திருந்தான், அது எப்போதோ. அந்த வீட்டில் அழுகிற வேலை முழுக்க அவருடையதாகிப் போனது. இவள் பக்கத்தில் நின்று சொம்பில் தண்ணீர் கொடுப்பாள்.

ஒரு மாதத்தோடு நிறுத்தினாள். "கடைசி பஸ்ஸுக்கு வருவான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அது போதுமானதாக இருந்தது. கடைசி பஸ் வரும் முன் அவர் தூங்கிவிடுவார்.

மாலை போட்ட போட்டோவைக் கழற்றிச் சிந்தாமணி வீட்டில் கொண்டுபோய் மாட்டினாள். இங்கே மாலை இல்லாத, பொட்டு வைக்காத போட்டோ ஒன்று மட்டும். விளக்கு வைக்கச் சாயங்காலம் சிந்தாமணி வீட்டுக்குப் போவாள்.

"என் வூட்டுச் சாமிக்கெல்லாம் பொறாமை யக்கா" என்பாள் சிந்தாமணி. "மொத சூடம் உம்மவனுக்குத்தான்னு ஆயிப்போச்சு."

"எண்ணெய் நான் வாங்கித் தரேன்டி."

"எண்ணெய்க்கா சொன்னேன்? நல்லா சொன்ன போ."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். திரும்பி வந்தால், "எங்க போன?" என்பார் செல்லதுரை. "சீனி கடன் கேக்கப் போனேங்க." தினமும் சீனி கடன் கேட்டாள்.

*

கோட்டையின் வடக்குப் பக்கத்தில் கல்வெட்டு இல்லை. குழந்தைவேல் ஆட்களோடு போய்ப் பார்த்தார். வேப்பமரமும் இல்லை. இல்லாததால் அது களவு போயிருக்கிறது என்பது நிரூபணமாயிற்று. பேரவையின் ஆண்டு மலரில் 'களவுபோன சோழர் கல்வெட்டு' என்று கட்டுரை வந்தது. அடுத்த தடவை, "நாயக்கர் காலத்துக் கல்லும் ஒண்ணு இருந்திருக்கணுமே?" என்று கேட்டார். இருந்தது.

இரண்டாயிரத்தொன்று பிறந்ததும் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அங்கேயும் கலெக்டர் வந்தார், பலகை வந்தது, வரலாறு வரவில்லை. உத்திராபதி என்பவர் தலைமையில் அங்கே ஒரு பேரவை கிளம்பியது. அவர் உரக்கடை வைத்திருப்பவர், பழமையில் மிகுந்த பற்றுள்ளவர், கடையைப் பார்த்தாலே தெரியும். குன்னத்துக்கு அவரும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தச் சோழர் கல்லு உண்மையில விக்கிரமங்கலத்துலதானே இருந்துச்சு?"

"விக்கிரமங்கலந்தான்" என்றார் செல்லதுரை. "அங்கேருந்துதான ரஞ்சன்குடிக்குத் தூக்கிட்டுப் போனானுங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

உத்திராபதியின் கண்கள் கலங்கின.

ஒரு வருடம் இரண்டு பேரவைகளும் பத்திரிகைச் செய்தியில் அடித்துக்கொண்டன. ஒருவர் மற்றவரை வரலாற்றுத் திருடர் என்றார். இரண்டு பேருக்கும் ஆதாரம் ஒரே கட்டிலில் படுத்திருந்தது. அதற்குள் அரசாங்கம் மனதை மாற்றிக்கொண்டு இரண்டாயிரத்திரண்டில் அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தது. பலகைகளைக் கழற்றினார்கள். குழந்தைவேலும் உத்திராபதியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இணைப்பைக் கொண்டாட ஒரு விழா, அதில் செல்லதுரைக்கு 'வாழும் கல்வெட்டு' என்று பட்டம்.

அழைப்பிதழைக் குழந்தைவேலே கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கம் முழுக்கத் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. அவ்வளவு பேரும் பேசினால் மறுபடி மாவட்டம் பிரிந்துவிடும். பின்பக்கம் திருப்பினாள்.

'வாழும் கல்வெட்டின் மறைந்த அருமை மகன் அமரர் மகேஷ் நினைவுப் பரிசு. பள்ளி மாணவர் கட்டுரைப் போட்டி.'

"உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னுதான் சொல்லல" என்றார் குழந்தைவேல்.

சம்பூர்ணம் உள்ளே எட்டிப் பார்த்தாள். செல்லதுரை கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அழைப்பிதழை மடிப்போடு இரண்டாகக் கிழித்துப் பின்பக்கத்தை மடித்து இடுப்பில் சொருகினாள்.

"ஐயா, இது வேணாங்க."

"என்னம்மா கிழிச்சுட்டீங்க?"

"அவருக்கு மவன் செத்தது தெரியாதுங்க. மைக்குல சொன்னீங்கன்னா அங்கன வச்சு அத்தனை பேர் முன்னாடி மொத தடவையா கேப்பாரு. சுவத்துல முட்டுவாரு. நீங்க பாத்தது இல்ல. பட்டம் குடுங்க, பொன்னாடை போத்துங்க, என்ன வேணா பண்ணுங்க. அந்தப் பேரை மட்டும் எடுக்காதீங்க."

"எல்லாருக்கும் அனுப்பியாச்சே."

"பத்திரிகையில இருக்கட்டுங்க. யாரு பின்பக்கம் படிக்கிறா. வாயால சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

குழந்தைவேல் மார்பில் கைவைத்தார். "தாயே, அந்தப் பேரு என் வாயிலேருந்து வராது. இது குழந்தைவேல் வாக்கு." பிறகு, மேடையில் அவளுக்கும் ஒரு பொன்னாடை உண்டு என்றார்.

உள்ளேயிருந்து செல்லதுரை, "யாரு வந்திருக்கா?" என்றார்.

"பேராசிரியர் ஐயா."

"சோழனைக் கேட்டு வந்திருப்பாரு. உக்காரச் சொல்லு."

*

விழா பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின முகூர்த்தத்தின் வாழைமரம் அப்படியே கட்டியிருந்ததால் அலங்காரம் தனியாகத் தேவைப்படவில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கவேண்டியது சிறப்பு விருந்தினருக்காகப் பன்னிரண்டு வரை காத்திருந்தது. வந்த அதிகாரி வரும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

செல்லதுரை வெள்ளை வேட்டியில், மேடை நடுவில், ராஜா மாதிரி இருந்தார். உயரமான நாற்காலி, மாப்பிள்ளைக்குப் போடுவது. வந்து கை கொடுத்த எல்லோரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. "உங்க அப்பாரு நெலத்தைக்கூட நாந்தான அளந்தேன்" என்றார். அதிகாரியிடமும் சொன்னார். அதிகாரி வடநாட்டுக்காரர். மகிழ்ந்து தலையாட்டினார்.

சம்பூர்ணம் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கிழித்த பாதி இன்னும் இடுப்பில்தான் இருந்தது. காலையில் எடுத்துப் போட மறந்துவிட்டாள்.

உத்திராபதி பேசினார், இணைந்த மாவட்டம் இமயத்தைத் தொடும் என்று. இன்னும் சிலர் பேசினார்கள். வாழ்த்துரைகளின் நடுவில் பின்வரிசைகள் சாப்பாட்டு அறைப் பக்கம் கரைய ஆரம்பித்தன. சாம்பார் வாசனை வந்த பிறகு அது ஓட்டமாயிற்று. அதிகாரி எழுந்து கொள்வதற்கு வசதியாக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

குழந்தைவேல் மைக்கைப் பிடித்தபோது எதிரே பாதிக்கு மேல் காலி நாற்காலி.

கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற எட்டாம் வகுப்புப் பானுப்ரியாவை மேடைக்கு அழைத்தார். ரெட்டைச் சடைப் பிள்ளை. பயந்து பயந்து ஏறினாள். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. கேடயத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் குழந்தைவேல் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. கொடுத்த வாக்கு அந்த இடத்தில் அவருக்கு மறந்துபோனது. அதற்கு மூளையில் எந்தக் கோளாறும் இருக்கவேண்டியதில்லை. கையில் மைக் இருந்தால் போதும்.

"இது சாதாரணப் பரிசு அல்ல" என்றார், குரலைத் தழுதழுக்க வைத்து. "பெற்ற மகனை, பத்தொன்பது வயதுக் குருத்தை, தம்பி மகேஷைச் சுண்ணாம்புப் பள்ளத்துத் தண்ணீருக்குத் தாரை வார்த்துவிட்டு, அந்த மலையளவு துயரத்திலும் நமக்கு வரலாறு சொன்னாரே..."

போனவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லதுரை எழுந்து நின்றார். காலை அகட்டி, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

"யாரு?" என்றார்.

குழந்தைவேல் கைதட்டலுக்காக நிறுத்தியிருந்த இடைவெளியில் அது விழுந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு மைக் அதை வாங்கி மண்டபம் முழுக்கக் கொடுத்தது.

"எப்பங்க?" என்றார் செல்லதுரை. "எப்ப?"

உணர்ச்சிகரமான கட்டம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் ஓடி வந்தார். அதிகாரி நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

சம்பூர்ணம் எழுந்தாள். பேட்ஜ் குத்திய ஒருத்தர், "அம்மா உக்காருங்க, குரூப் போட்டோவுக்குக் கூப்புடுவாங்க" என்றார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு படியேறினாள். செல்லதுரையின் முகம் கோணிக்கொண்டு வந்தது. அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். சுவர் மூன்றடி தள்ளித்தான் இருந்தது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பூரணம். நம்ம மகேஷா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். குழந்தைவேல் இருந்தார், உத்திராபதி இருந்தார், கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பானுப்ரியா இருந்தாள். கேடயத்தில் அவள் மகன் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"இல்லீங்க" என்றாள். "வேற மகேஷு."

அதையும் மைக் விடவில்லை.

"வேற மகேஷா?"

"வேற மகேஷு. நம்மவன் காலேஜுக்குப் போயிருக்கான். காலையில நீங்கதானே பஸ் ஏத்தி விட்டீங்க."

"ஆமா" என்றார் செல்லதுரை. முகம் மெல்ல மெல்ல நேரானது. "நாந்தான ஏத்திவிட்டேன். ஜன்னலோரம் உக்காந்தான்." நாற்காலியில் இறங்கி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

குழந்தைவேல்தான் சுதாரித்தார். "துக்கத்தை விழுங்கிச் சிரிக்கிறாளே, இவள் அல்லவா வீரத்தாய்" என்றார். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். அவள் தோளில் ஒரு பொன்னாடை வந்து விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பாயசத்தில் முந்திரி இருந்தது. செல்லதுரை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும் இடத்தில், "மனசு என்னமோ பண்ணுது சம்பூரணம்" என்றார். "எதுக்குன்னு தெரியல."

"வெயிலுங்க."

"வெயிலாத்தான் இருக்கும்."

*

சாயங்கால பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பொன்னாடைகளை மடியில் வைத்துக்கொண்டு, 'வாழும் கல்வெட்டு' கேடயத்தைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்தபடி செல்லதுரை ஜன்னலோரம் உட்கார்ந்தார். மக்காச்சோளக் காடுகள் பின்னால் போயின. ஒவ்வொரு காட்டுக்கும் அவரிடம் சர்வே நம்பர் இருந்தது. சொல்லிக்கொண்டே வந்தார். அவை சரியானவையாகக்கூட இருக்கலாம்.

திடீரென்று நிறுத்தினார்.

"யாரோ மகேஷுன்னு ஒரு பையன் செத்துட்டானாம். எங்கயோ சொன்னாங்க. நம்ம பய பேரேதான்."

இவ்வளவு நேரம் அது அவருக்குள் தங்கியிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எங்கே தங்கியது என்று அந்த டாக்டரம்மாவைக் கேட்டால் சொல்லலாம்.

"ஆமாங்க."

"தண்ணியிலயாம். சின்ன வயசாம்."

"ம்."

"பாவம். அவன் அம்மா என்ன பண்ணுவா?"

கண்டக்டர் விசில் ஊதினான். ஒரு ஆட்டுக்குட்டியோடு ஒருத்தி ஏறினாள். குட்டியை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கண்டக்டர் திட்டினான்.

"என்ன பண்ணுவா" என்றாள் சம்பூர்ணம். "சோறாக்குவா."

"அழுவ மாட்டாளா?"

"தெரியலீங்க."

அவர் யோசித்தார். "யாராச்சும் போயி அவ பக்கத்துல உக்காந்தா தேவல" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி சர்வே நம்பருக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உலை வைத்தாள். கட்டிலில் படுத்தபடி அவர், "மகேஷ் வந்துட்டானா?" என்றார்.

"கடைசி பஸ்ஸுக்கு வருவான்."

"இன்னைக்கு எங்கயாச்சும் போனமா நாம?"

"எங்கயும் போகலீங்க."

இடுப்பிலிருந்து கிழித்த காகிதத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். பிறகு பானை மூடியைத் தேடினாள். அது சிந்தாமணி வீட்டில் இருந்தது. போனால் விளக்கும் வைத்துவிட்டு வரலாம். ஆனால் கால் எழவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, சுவரில் சாய்த்து வைத்திருந்த கேடயத்தை எடுத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி பானைமேல் கவிழ்த்தாள்.

அளவு சரியாக இருந்தது.